இனித்த குடங்களும் ஜெசிந்தாவின் கண்ணும்

பெர்னி கையை விட்ட குடத்துத் தண்ணீர் இனித்துப்போன அந்தக் காலையில் ஜெசிந்தா முதலில் செய்த காரியம், தன் மகள் ரெனிட்டாவை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்தி, அவள் கையை முழங்கைவரை இன்னொரு குடத்தில் முக்கிப் பார்த்ததுதான். பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள், ஒரு அருள் நிறைந்த மரியே செபத்தை முழுசாய்ச் சொல்லி முடித்தாள். பிறகு செம்பால் மொண்டு குடித்தாள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது, நாக்கின் ஓரத்தைச் சுரண்டுகிற அதே உப்பு.

“என்னம்மா?” என்றாள் ரெனிட்டா, கையிலிருந்து சொட்டச் சொட்ட.

“ஒண்ணுமில்ல. தொடச்சிட்டு ஸ்கூலுக்குக் கெளம்பு.”

சுவருக்கு அந்தப் பக்கம் லீமா சிரிப்பது கேட்டது. லீமா ஜெசிந்தாவின் கொழுந்தன் பெண்டாட்டி. அண்ணன் கில்பர்ட்டுக்கும் தம்பி ரெக்ஸனுக்கும் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த இரண்டு வீடுகளும் ஒரே சுவரில் முதுகு சாய்த்து நின்றன, பின்பக்கம் இரண்டுக்கும் பொதுவாய் ஒரு கிணறு. அந்தக் கிணற்றில் இறைத்து வைத்த குடத்தில் லீமாவின் மகள் பெர்னி விளையாட்டாய்க் கையை விட்டு அளைந்தாள். அந்தத் தண்ணீரில் லீமா தேயிலை போட்டாள், சீனி போட மறந்தாள், குடித்த ரெக்ஸன் “ஏட்டி, சீனிய அள்ளிக் கொட்டிட்டியா?” என்று கேட்டான். அவ்வளவுதான் விஷயம். எட்டு மணிக்குள் முத்தோடை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆச்சரியப்பட ஊருக்கு நேரமில்லை, குடம் கழுவ வேண்டியிருந்தது.

ஏனென்றால் முத்தோடையில் எந்தக் கிணற்றைத் தோண்டினாலும் கடல்தான் வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை செல்லையா ஓட்டிவரும் லாரித் தண்ணீரை நம்பித்தான் அங்கே சோறு வெந்தது, பிள்ளைகள் பிறந்தன, செத்தவர்களைக் குளிப்பாட்டினார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை மணிக்கட்டுவரை கையை விட்டால் போதும், உப்பு கரைந்து இளநீராகிவிடும் என்றால், அதை எப்படி, ஏன் என்று கேட்டுக்கொண்டிருப்பவள் பைத்தியக்காரி. ஊர்க் கமிட்டித் தலைவர் லியோன் அன்று சாயங்காலமே கோவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: காலைப் பூசை முடிந்ததும் வரிசை, வீட்டுக்கு இரண்டு குடம், கர்ப்பிணிகளுக்கு மூன்று, பிள்ளை களைத்துவிடாமல் இருக்க நாற்பது குடத்துக்கு ஒருதரம் ஓய்வு. பள்ளிக்கூடத்தில் பெர்னிக்கு வருகைப் பதிவேட்டில் தினமும் பத்தரை மணிக்கு ‘ஆஜர்’ போட்டார்கள். பங்குச்சாமியார் இதை மாதா செய்த புதுமை என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “ஆயருக்கு எழுதியிருக்கேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, சமையல்காரரிடம் இரண்டு குடம் கொடுத்தனுப்பினார்.

வரிசை தினமும் திருவிழாவாய் இருந்தது.

“ஒனக்கு எத்தன கொடம்ளா?”

“ரெண்டுதான். மாமியாருக்குத் தனியா ஒண்ணு கேட்டேன், தர மாட்டோம்ங்காவ.”

“ஒன் மாமியா செத்து மூணு வருசமாவுதே!”

“ரேசன் கார்டுல பேரு இருக்குல்லா!”

தேநீர்க்கடையில் சீனி டப்பா காலியாய்க் கிடந்து சிலந்தி கூடு கட்டியது. கைப்பிள்ளைகள் பால் புட்டியை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு அழுதன. மீன் குழம்புதான் படுத்தி எடுத்தது. புளியும் மிளகாயும் போட்டுக் கொதித்த குழம்பு பாயசம்போல வழுக்கியதால், ஒவ்வொரு வீட்டிலும் குழம்புக்கென்று ஒரு உப்புக் குடத்தைத் தனியே வைத்து, பெர்னி தெரியாமல்கூடத் தொட்டுவிடக் கூடாதென்று மூடி மேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்தார்கள். பிறகு எறும்புகள் வந்தன. கோவில் கொடிமரத்தடியிலிருந்து புறப்பட்டு, மணலில் நூல் பிடித்தாற்போல் நடந்து, லீமா வீட்டு வாசற்படி ஏறி, பெர்னி படுக்கும் பாயைச் சுற்றி வட்டமாய் நின்றன. யாரையும் கடிக்கவில்லை. ஊர் ஜனங்கள் அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகினார்கள், சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஜெசிந்தா மட்டும் தினமும் இரண்டு எறும்பை வேண்டுமென்றே மிதித்தாள்.

அவளுடைய பொறாமை தண்ணீர் இனித்த இந்த ஜூன் மாதத்தில் முளைத்தது அல்ல. நகரத்துக் கான்வென்ட் போர்டிங்கில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள் அவள். மருந்து டப்பாவில் இருக்கிற இங்கிலீஷை வாசிக்கத் தெரியும், கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும், மூத்த மருமகள் வேறு. ஊர் அவளை மதித்தது. லீமாவை நேசித்தது. எட்டாம் வகுப்போடு நின்ற லீமா தெருவில் வாய்விட்டுச் சிரித்தாள், அவள் சிரித்தால் நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா கல்யாணமாகி ஐந்து வருஷம் காத்திருந்து உண்டானபோது, வந்த வருஷத்திலேயே உண்டானவள் லீமா, அதிலும் ஒன்பது நாள் முந்திக்கொண்டு பெற்றாள். பெர்னி தலை நிறைய முடியோடு பிறந்தாள், ரெனிட்டா மொட்டைத் தலையோடு. பெர்னிக்குப் பல் முதலில், நடை முதலில், பேச்சு முதலில். எட்டு வருஷமாய் ஜெசிந்தா ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டு “பொறாமைப்பட்டேன் சாமி” என்பாள், சாமியாரும் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பெர்னி புதுக் கவுன் போட்டு வருவாள், அந்த மூன்றும் வீணாகும்.

இப்போது அந்தப் பிள்ளை தொட்டால் கிணறே இனித்தது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது ரெனிட்டா தன் ஆள்காட்டி விரலைத் தண்ணீர் டம்ளரில் விட்டுவிட்டு நக்கிப் பார்ப்பதை ஜெசிந்தா கண்டாள். கண்டும் காணாததுபோல் குழம்பு ஊற்றினாள்.

ஜூலையில் ஒரு பேச்சு கிளம்பியது. பிள்ளையின் உடம்பிலிருக்கிற இனிப்புதானே கை வழியாய் இறங்குகிறது, இறங்க இறங்க அதை நிரப்ப வேண்டாமா? யார் முதலில் சொன்னார்களோ, மறுநாளிலிருந்து வரிசையில் வந்த ஒவ்வொருத்தியும் ஒரு இனிப்பைக் கொண்டுவந்தாள். மக்ரூன், சில்லுக்கருப்பட்டி, பூந்தி, தேன்குழல் மிட்டாய், கண்டென்ஸ்டு மில்க் டப்பா. ஒரு கையைக் குடத்துக்குள் விட்டபடியே பெர்னி மறு கையால் தின்றாள். தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். ஒரு செம்பு, இன்னொரு செம்பு. தன் கை பட்டு இனித்த தண்ணீரை அவளே மடமடவென்று குடித்து, உதட்டைத் துடைத்து, “இன்னும்” என்றாள்.

“பாத்தியா, ஊருக்காகத் தவம் இருக்குத பிள்ள, தாகம் எடுக்காதா?” என்றார்கள். கன்னம் ஒடுங்கி, கண் பெரிதாகி, கழுத்து நீண்டதைப் பார்த்து “மாதா சுரூபத்து முகம் வந்துட்டு” என்றார்கள். லீமா பெருமையில் அழுதாள்.

ஜெசிந்தாவுக்கு அந்தப் பெருமையைத் தின்ன முடியவில்லை. ஒரு குறையாவது கண்டுபிடித்தால் நெஞ்சு ஆறும் என்று உட்கார்ந்து பார்த்தாள். பின்கட்டுக் கொடியில் லீமா விடிந்ததும் விடியாததுமாய் ஒரு பாயைக் காயப்போடுவதைப் பார்த்தாள். அடுத்த நாளும் பார்த்தாள், பாயோடு ஒரு பாவாடையும் இருந்தது. எட்டு வயதில் படுக்கையை நனைக்கிறது! அந்தச் சந்தோஷத்தில் ஜெசிந்தா அன்று காபியில் இரண்டு ஸ்பூன் தூள் கூடுதலாய்ப் போட்டாள். அதன்பிறகு எண்ணத் தொடங்கினாள். பெர்னி குடிக்கிற செம்புகளை எண்ணினாள், காலை மட்டும் பதினொன்று. கக்கூசுக்கு ஓடுகிற தடவைகளை எண்ணினாள். கிணற்றடிப் படி மூன்றையும் ஒரே தாவலாய்த் தாவுகிற பிள்ளை, முதல் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தாள். பெற்றவள் பார்க்காததையெல்லாம் அவள் பார்த்தாள், ஏனென்றால் பெற்றவளுக்குச் சுற்றிலும் ஊர் நின்றது. ஜெசிந்தா பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் புதுநன்மை, முதல் தடவையாய் நற்கருணை வாங்குகிற நாள். அதற்கான வெள்ளைக் கவுன்களை ஜூன் மாதமே தைக்கக் கொடுத்திருந்தார்கள். லீமா மகளுக்குக் கூடுதல் சுருக்கு, கூடுதல் லேஸ் வந்துவிடக் கூடாதென்று, “ரெண்டுக்கும் ஒரே அளவு, ஒரே துணி, நூல்கூட ஒரே நூல்” என்று ஜெசிந்தாதான் தையல்காரியிடம் சொல்லியிருந்தாள். பிள்ளைகளும் அப்போது ஒரே அளவுதான். திருநாளுக்குப் பத்து நாள் முன்னால் கவுன் வந்தது. ரெனிட்டாவுக்கு இறுக்கிப் பிடித்தது. ஜெசிந்தா மூச்சை இழுக்கச் சொல்லி, இழுத்துக் கொக்கியை மாட்டினாள். பெர்னிக்குப் போட்டார்கள், கவுன் தோளில் நிற்காமல் வழுக்கி இடுப்புக்கு வந்தது.

“துணி இழுவிட்டு போலுக்கா” என்றாள் லீமா.

“ஒரே துணிட்டி” என்றாள் ஜெசிந்தா.

அவள் வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி பெர்னியின் இடுப்பைப் பிடித்துக் குத்தினாள். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் மூன்று. விரல்களுக்கு அடியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாய் வந்தன. ஆறு நாள் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தபோது இன்னும் நான்கு ஊசி தேவைப்பட்டது. பத்தாவது ஊசியைக் குத்தும்போது ஜெசிந்தாவின் கை நின்றது. அந்தச் சமயத்தில் பெர்னி “பெரியம்மா, குத்தாதீங்க” என்று திரும்பி முகத்துக்கு நேரே பேசினாள். அந்த மூச்சு ஜெசிந்தாவின் மூக்கில் பட்டது.

“பெர்னி பேசுனா அன்னாசிப்பழ வாசம் வருதும்மா” என்று ரெனிட்டா இரண்டு நாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரும் அதை மாதா வாசம் என்றுதான் சொன்னது. ஜெசிந்தாவுக்கு அது அன்னாசிப்பழம் இல்லை. போர்டிங்கில் அவளுக்கு அடுத்த கட்டிலில் படுத்த கிளாரிபெல்லின் வாசம் அது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை கிளாரிபெல்லுக்கு, அந்தச் சடைமேல் ஜெசிந்தாவுக்கு அவ்வளவு பொறாமை. படிப்பு நேரம் முழுக்கக் குழாயடியில் நின்று தண்ணீர் குடித்தாள் என்று கிளாரிபெல்லை முட்டி போட வைத்தார்கள். மெத்தையை நனைத்தாள் என்று அதைத் தலையில் சுமந்து மாடிக்குப் போக வைத்தார்கள். அவளிடமிருந்து நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாசம் வருகிறதென்று வார்டன் சிஸ்டர் அவள் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார், பாட்டில் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மத்தியானம் கிளாரிபெல் நாய் ஓடி வந்ததுபோல் மூச்சு வாங்கினாள். வேன் வந்து கொண்டுபோனது. பிறகு அவள் வரவில்லை, பெட்டி மட்டும் ஈஸ்டர்வரை கட்டிலடியில் கிடந்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் சர்க்கரை வரும் என்பதை சிஸ்டர்கள் அப்புறம்தான் தெரிந்துகொண்டார்கள்.

அவ்வளவும் தெரிந்தும் ஜெசிந்தா மூன்று நாள் வாய் திறக்கவில்லை. சொன்னால் பொறாமையில் சொல்கிறாள் என்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல மாட்டாள்.

திருநாளுக்கு முந்தின மத்தியானம், ஊரே ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்துக்குப் பாயசம் வைக்கக் கோவில் கொட்டகையில் பதினோரு அண்டா நிறையத் தண்ணீர் ரொப்பி வைத்திருந்தார்கள். பெர்னியை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினார்கள். ஆறாவது அண்டாவில் அவள் வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். தோள் ஏறி இறங்க, ஆழமாய், விடாமல் மூச்சு விட்டாள், ஓடாத பிள்ளை ஓடி வந்த மாதிரி.

“அஞ்சே அஞ்சு அண்டா மக்கா, தொட்டுட்டுப் போய்ப் படுத்துக்க” என்றார் லியோன்.

ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். “லீமா, பிள்ளையத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே.”

“இன்னைக்கா?” என்று திரும்பினாள் லீமா. “திருநாளும் அதுவுமா, எல்லாரும் பாத்துட்டு நிக்கயில? ஒனக்குக் கண்ணு. பொறந்த நாள்ல இருந்து எம் பிள்ள மேல ஒனக்குக் கண்ணு.” ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாய் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. “மொத நாளு ஒம் மவ கையக் கொடத்துல முக்குனியே, சன்னல் வழியா நான் பாக்கலன்னு நெனச்சியா?”

கொட்டகையில் எல்லோரும் ஜெசிந்தா பக்கம் திரும்பினார்கள்.

“முக்குனேன்” என்றாள் ஜெசிந்தா. “எனக்குப் பொறாமதாம்ட்டி. வயிறு எரிஞ்சிதான் பாத்தேன். அதனால நீ பாக்காததெல்லாம் பாத்தேன். காலையில பதினோரு செம்பு குடிக்கா. பாய் பத்தொம்போது நாளா கொடியில காயுது. இடுப்புல பத்து ஊசி குத்துனேன், இன்னைக்குப் பதினஞ்சு வேணும். அது மாதா வாசம் இல்ல, எம் பக்கத்துக் கட்டில்ல படுத்தவ இந்த வாசத்தோடதான் போய்ச் சேந்தா. மூணு நாளா எனக்குத் தெரியும். மூணு நாளா வாயப் பொத்திட்டு இருந்தேன். அதுக்கு என்னைய அடி, பொறவு அடி. இப்பப் பிள்ளையத் தூக்கு.”

லீமா அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கின கை பாதியில் மகள் பக்கம் திரும்பியது. ஸ்டூலிலிருந்து அவளை இடுப்புக்குத் தூக்கினாள், தூக்கின வேகத்தில் பின்னால் சாய்ந்தாள். எதிர்பார்த்த கனம் அங்கே இல்லை. தினமும் இடுப்பில் குடம் தூக்குகிறவளுக்குக் கனம் தெரியும். பெர்னி நிறைகுடத்தைவிட லேசாய் இருந்தாள்.

“அக்கா” என்றாள் லீமா.

தெரு முழுக்கச் சப்பரமும் பந்தலும் அடைத்துக் கிடந்ததால் ஆட்டோ உள்ளே வர வழியில்லை. மெயின்ரோட்டுப் புளியமரத்தடியில் செல்லையாவின் தண்ணீர் லாரி நின்றது. பத்து வாரமாய் முத்தோடையில் ஒரு குடம் விற்காதவர், ஆனாலும் திருநாள் கூட்டத்துக்காவது தேவைப்படுமா என்று முழு டாங்கியோடு வந்து காத்துக் கிடந்தார். பிள்ளையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. வால்வைத் திறந்து டாங்கித் தண்ணீர் முழுவதையும் ரோட்டில் விட்டார். “லேசா இருந்தாத்தான் வேகமாப் போகும்” என்றார். காலி லாரி கடகடவென்று அதிர, இரண்டு பெண்களும் ஒரு பிள்ளையும் ஓட்டுநர் பக்கத்தில் நெருக்கியடித்து, பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வழிநெடுக ஜெசிந்தா பெர்னியின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேச வைத்தாள்.

விரலில் குத்திய ஒரு சொட்டு இரத்தத்தை மிஷினில் வைத்தார்கள். மிஷின் எண் காட்டவில்லை, அதன் கணக்குக்கு மேலே போய்விட்டது என்று ஒரு இங்கிலீஷ் எழுத்தை மட்டும் காட்டியது. டாக்டர் சின்னப் பெண், தலையில் இன்னும் காலேஜ் கிளிப். வேலை செய்துகொண்டே பேசினாள். வயிற்றுக்குள்ளே கணையம் என்று ஒன்று இருக்கிறது, அது இன்சுலின் என்று ஒன்றைச் சுரக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்குச் சுரப்பு நின்றுவிட்டது. அது இல்லாமல் தின்றதெல்லாம் உடம்பில் சேராமல் வெளியே ஓடுகிறது.

“நாந்தான் மிட்டாய் குடுத்தேன் டாக்டரம்மா. ஊரே குடுத்துச்சு” என்று லீமா தலையில் அடித்துக்கொண்டாள்.

“மிட்டாயால வந்த நோய் இல்லம்மா இது. யார் செஞ்ச தப்பும் இல்ல. வெளியிலேருந்து இன்சுலினை நாம குடுப்போம். தினமும், ஆயுசுக்கும். குடுத்தா படிப்பா, ஓடுவா, கல்யாணம் பண்ணுவா, உங்கள எதுத்துப் பேசுவா.”

சாயங்காலம் ஐந்தே காலுக்கு நரம்பு வழியாய் இன்சுலின் சொட்டத் தொடங்கியது. அதே ஐந்தே காலுக்கு முத்தோடையில் எல்லாக் குடங்களும் உப்பாயின. பாயச அண்டாக்கள் கடலாயின. புட்டி குடித்த பிள்ளைகள் முகத்தைச் சுளித்துத் துப்பின. எறும்புகள் வெட்கப்பட்டவை மாதிரி ஒற்றை வரிசையில் திரும்பிக் கொடிமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் அசனத்தில் ஊரே உட்கார்ந்து அந்த உப்புப் பாயசத்தைக் குடித்தது, அசனச் சோற்றைக் கீழே கொட்டும் வழக்கம் அங்கே இல்லை. குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டார்கள்: ஜெசிந்தாவின் கண் பட்டு ஊர்த் தண்ணீர் போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளைத் தெரு அப்படித்தான் வரவேற்றது. அவள் தலை தெரிந்தால் பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் மூடினார்கள். கைப்பிள்ளைகளின் கன்னத்துப் பொட்டு கடுகளவிலிருந்து நாவற்பழ அளவுக்கு வளர்ந்தது. அவள் கடந்துபோன வீட்டில் மிளகாய் வற்றல் அடுப்பில் வெடித்தது. ஒரு வசதி, லாரி வந்தால் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்க மாட்டார்கள், முதல் குடம் அவளுக்குத்தான்.

“ஒங்க கண்ணாலதான் தாயி என் பொழப்பு திரும்பி வந்துச்சு” என்பார் செல்லையா, குடத்தை வழிய வழிய ரொப்பி.

“நீங்களும் சொல்லாதீங்கண்ணே.”

“நானும் பத்து வாரம் அந்தப் பிள்ளையத் திட்டித் தீத்தவந்தான. நமக்குள்ள என்ன.”

ஒரு மண் சட்டிக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் இன்னொரு சட்டி இறக்கி, கிணற்றடி நிழலில் இன்சுலினைக் குளிர்ச்சியாய் வைத்தார்கள். அந்த மணலை நனைக்க உப்புத் தண்ணீரே போதுமாய் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பழகியும் மகள் தோலுக்கு வரும்போது லீமாவின் கை ஆடியது. ஜெசிந்தாவின் கை ஆடவில்லை. டப்பாவின் இங்கிலீஷை வாசித்து, கோடு பார்த்து மருந்தை இழுத்து, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் எடுத்து, கண் மூடித் திறப்பதற்குள் குத்திவிடுவாள். பெர்னி “பெரியம்மா குத்துனாத்தான் வலிக்காது” என்று சொல்லத் தொடங்கினாள். அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்று லீமா அதைக் கேட்டாள். அவள் முகத்தில் ஓடியதை ஜெசிந்தா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாற்போல் இருந்தது. அன்று சாயங்காலம் ஊசியை லீமா கையில் கொடுத்து, மணிக்கட்டைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள்.

தள்ளிப்போட்ட புதுநன்மை அக்டோபர் ஏழு, செபமாலை மாதா திருநாளுக்கு என்று முடிவாயிற்று. வாரா வாரம் பெர்னிக்குக் கவுன் போட்டுப் பார்த்தார்கள். பதினைந்து ஊசியில் நான்கை எடுத்தார்கள், பிறகு ஐந்தை. இப்போது லீமா காலையில் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்: “அக்கா, ஒரு தடவ வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போ.” ‘நீங்க’ திரும்பி வரவே இல்லை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டெனி வந்திருக்க வேண்டும். கமிட்டித் தலைவர் லியோனின் மருமகள். பிள்ளை முகத்தை மூடுகிறவர்களில் முதல் ஆள். பின்கட்டு வழியாய் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாவற்பழப் பொட்டை முந்தானையால் அழுந்தத் துடைத்துவிட்டு, மூன்று மாதக் குழந்தையை நீட்டினாள்.

“இவன் அழவே மாட்டேங்கான் மைனி. நாள் முழுக்கத் தூக்கம். நல்ல பிள்ள, அமைதியான பிள்ளன்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்குப் பயமா இருக்கு. நீங்க கொஞ்சம் பொறாமையாப் பாருங்களேன்.”

ஜெசிந்தா சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாமல் பிள்ளையை வாங்கினாள். பார்த்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கவிடுகிற பிள்ளை, ரெனிட்டா ஒரு வருஷம் தூங்கவிட்டாளா, இவளுக்கு மட்டும் என்ன கொடுப்பினை என்று நெஞ்சு எரிந்தது. எரிந்ததும் கண் தெளிந்தது. நாக்கு தடித்து உதட்டுக்கு வெளியே கிடந்தது. வெயில் நேரத்தில் உள்ளங்கால் மீன்போலக் குளிர்ந்தது. தொப்புள் புடைத்திருந்தது. “நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. தைராய்டு பாக்கச் சொல்லு. அங்க ஆஸ்பத்திரி போர்டுல படத்தோட போட்டிருந்தாங்க, தெனம் ஒரு மாத்திரைதான், சீக்கிரமாக் குடுக்கணும்” என்றாள். குழந்தையின் முதல் பெரிய அழுகை மூன்று வாரம் கழித்துத் தெருவையே எழுப்பியது. அதன்பிறகு பின்கட்டில் ஆள் வரத்து நிற்கவில்லை. ஆறு வயதிலேயே மகள் பெரிய மனுஷி மாதிரி வளர்ந்துவிட்டாள் என்று பெருமை பேசியவள் வந்தாள். இரண்டு வருஷமாய் ஒரே செருப்பு போதுகிறது, செலவு வைக்காத பையன் என்று சொன்னவள் வந்தாள். முன்வாசலில் அவளைக் கண்டு மிளகாய் சுட்டவர்களே பின்வாசலில் நின்று, “கொஞ்சம் நல்லா வயிறு எரிஞ்சு பாரு” என்று கெஞ்சினார்கள்.

புதுநன்மைக்கு முந்தின நாள் சாயங்காலம், கடைசியாய் வந்தவளையும் அனுப்பிவிட்டு ஜெசிந்தா திரும்பியபோது, அடுக்களை வாசலில் ரெனிட்டா வெள்ளைக் கவுனோடு நின்றாள்.

“என்னையும் பாரும்மா” என்றாள். “அவுங்களப் பாக்குத மாதிரி.”

“நீ எம் பிள்ளல்லா. ஒம் மேல எனக்கென்னட்டி பொறாம?”

“அதான்” என்றாள் ரெனிட்டா.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கவுனின் முதுகுக் கொக்கி நூல் தெறிக்கிற இழுவையில் நின்றது. கழற்றினாள். இரண்டு அக்குளுக்கும் கீழே, கயிறு வைத்துக் கட்டினாற்போல், செக்கச்செவேலென்று தடம். ஓரத்தில் பழைய தடம் ஒன்று காய்ந்து கறுத்திருந்தது.

“எப்ப இருந்துட்டி?”

“பெர்னி கவுன்ல நீ குண்டூசி குத்துனேல்லா, அன்னையிலருந்து. ஒவ்வொரு வாரமும் நானும் போட்டேன். நீ பாக்கல.”

ஜெசிந்தா எழுந்து போய்த் தையல் பிரிக்கக் கத்தரி எடுத்து வந்தாள். விளக்குக்கு நேரே மகளை நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இது என்று நினைத்துக்கொண்டாள், தனக்கு இந்தப் பிள்ளைமேல் ஒரு உரிமையும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள், அப்படி நினைத்துப் பார்த்தாள். மொட்டைத் தலையாய்ப் பிறந்தவளுக்கு முடி தோளைத் தாண்டியிருந்தது. இடது புருவத்துக்குள் ஒரு மச்சம் ஒளிந்திருந்தது. அது எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியாது. நேரே பார்த்தால் கண்ணைத் தாழ்த்தாத பிள்ளை, வலித்தாலும் இரண்டு மாதம் வாய் திறக்காத பிள்ளை, டம்ளரில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு உப்புதான் என்று அமைதியாய்ச் சோறு தின்ற பிள்ளை. இப்படியொரு பிள்ளையைப் பெற்றவள் யாரோ, அவள்மேல் ஜெசிந்தாவுக்கு அடிவயிறு எரிகிற பொறாமை வந்தது.